சொனாட்டாவைக் கேட்க முப்பத்தொரு நாள்

அந்த இசையமைப்பாளர் முதலாம் உலகப் போர் முடிந்த கொஞ்சக் காலத்தில் இறந்துபோனவர். மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் ஒரு தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். இன்றைக்கு அவரை யாருக்கும் தெரியாது. என் முதுகலை ஆய்வுக்காக அவருடைய படைப்புகளைத் தேடிப் பட்டியல் போடத் தொடங்கியபோது மகள் வயிற்றில் இருந்தாள். அச்சில் வந்தவை ஒன்பது பாட்டுகள். வயலினுக்கும் பியானோவுக்குமாக ஒரு சொனாட்டாவும் எழுதினார் என்று ஒரு பழைய கடிதத்தில் இருந்தது. அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அது எங்கள் வீட்டிலிருந்து ட்ராமில் நாலாவது தரிப்பில் இருந்தது. அவருடைய தம்பியின் பேத்தி, எண்பது தாண்டியவர், அங்கே நகரசபை வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கவுன்சில் வீட்டில் தனியாக இருந்தார். நான் கேட்டதும் படிக்கட்டுக்குக் கீழேயிருந்து ஒரு காட்போர்ட் பெட்டியை இழுத்து வைத்தார். மூன்று பாகங்கள், மண்ணிற மை, ஓரமெல்லாம் பென்சில் திருத்தங்கள். முதல் பாகத்தை ஃபோனில் படம் எடுத்து முடித்தபோது மகள் தள்ளுவண்டியில் எழும்பி அழத் தொடங்கினாள். ஏழு மாதக் குழந்தை. கொஞ்சம் அழ விட்டிருந்தால் மற்ற இரண்டையும் எடுத்திருக்கலாம். அழ விட்டிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அடுத்த கிழமை வா. அது எங்கே ஓடிவிடப் போகிறது" என்றார் அவர்.

அடுத்த கிழமை மகளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த கிழமை அவருடைய மகனிடமிருந்து மெசேஜ் வந்தது. அம்மா தூக்கத்திலேயே இறந்துவிட்டாராம். அனுதாபம் தெரிவித்து இரண்டு வரி எழுதினேன். பெட்டியைப் பற்றி மூன்றாவது வரியும் எழுதி, அழித்துவிட்டு அனுப்பினேன்.

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். "செத்த வீட்டில போய்ப் பெட்டி கேக்கிறதே?" என்றார். "முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும் பிள்ளை. அந்தியேட்டிச் சடங்குக்குப் பிறகு கேள்."

கணவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஓம் மாமி. வெள்ளைக்காரன் ஐயருக்கு அரிசி, காய்கறி குடுத்துப்போட்டுத்தான் செத்த வீட்டுச் சாமானை ஒதுக்குவான்."

"தம்பிக்கு எல்லாம் பகிடி."

"பகிடியில்லை. ஒரு மெசேஜ் போட என்ன? நீர் போடுமப்பா."

"அந்தரமாக் கிடக்கு" என்றேன். "தாயைப் பறிகொடுத்த மனிசனிட்ட எப்பிடிக் கேக்கிறது?"

அப்பா இறந்து ஐந்தாம் நாள் ஒருவர் வந்து, அப்பாவின் காரை விற்கிற யோசனை இருக்கிறதா என்று கேட்டார். அம்மா அவரோடு இன்றுவரை பேசுவதில்லை. நானும் அந்த மனிதரைப் போல் ஆக விரும்பவில்லை.

முப்பத்திரண்டாம் நாள் காலை, இறந்தவரின் மகனை அழைத்தேன். கவுன்சில் வீட்டை நாலு கிழமைக்குள் வெறுமையாக்கிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். கொடுத்தாயிற்று. சாமான் ஏற்ற வந்தவர்கள் கடதாசிகளையெல்லாம் குப்பையோடு கொண்டுபோய்விட்டார்கள்.

"அந்த இசைத் தாள்களா?" என்றார் மகன். "நீங்கள் வந்துபோனதை அம்மா சொன்னார். உங்கள் மெசேஜில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. தேவைப்படாதாக்கும் என்று நினைத்தேன்." பிறகு அவரே என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

மகளைத் தள்ளிக்கொண்டு குப்பை நிலையத்துக்குப் போனேன். கடதாசி அன்றன்றைக்கே ஏற்றப்பட்டுவிடும் என்று வாசலில் நின்றவர் சொன்னார்.

"நீ முறையாத்தானே நடந்தனீ" என்றார் அம்மா. அவருடைய குரல் இறங்கியிருந்தது. அவர்மேல் பழி போட எனக்கு மனமில்லை. பொறுக்கச் சொன்னது அவர்தான். ஆனால் பொறுத்திருந்த நாட்களில், யாருக்கும் தொந்தரவு கொடுக்காத நல்ல பெண் என்று எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

பட்டியலில் 'இருப்பிடம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'தெரியவில்லை' என்று போட்டேன். அப்படிப் போட்டால் பேராசிரியர் மேலும் கேட்க மாட்டார். மூன்று நாள் அது அப்படியே இருந்தது. நேற்று அதை அழித்துவிட்டு எழுதினேன்: 'முதல் பாகம் மட்டும், படங்களாக. மற்ற இரண்டும் வீடு வெறுமையாக்கப்பட்டபோது அழிந்தன. ஆய்வாளர் உரிய நேரத்தில் கேட்கவில்லை.'