உச்சியில் நின்ற ஒரு நொடி

ஆண்டுதோறும் அந்த நாள் வந்துவிட்டால் போதும், அன்று யார் எங்கே இருந்தார்கள் என்ற கதை அலுவலகத்தில் தொடங்கிவிடும். தலைவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று காலையில் செய்தி வந்தபோது தட்டச்சர் அம்மா பேருந்தில் மாட்டிக்கொண்டிருந்தார். கணக்கர் முடிவெட்டும் கடையிலிருந்து பாதித் தலையோடு அலுவலகத்துக்கு ஓடி வந்திருந்தார். இருபத்திரண்டு வருடமாகியும் அந்தப் பாதித் தலைக்குச் சிரிப்பு குறையவில்லை.

"நீங்க எங்கண்ணே இருந்தீங்க?" என்று புதிதாய் வந்த எழுத்தர் பெண் கொடிக்காரரிடம் கேட்டாள்.

"கொடிக்கம்பத்துக்குக் கீழம்மா."

மற்றவர்கள் சட்டென்று கோப்புகளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள்.

அவருக்குக் கொடிக்காரர் என்ற பெயர் வந்ததே அன்றுதான். அப்போது அவர் தற்காலிகப் பியூன். பணி நிரந்தர ஆணை அதிகாரியின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. "கொடிய அரைக்கம்பத்துல பறக்க விடணும். நேரா பாதியில நிறுத்திடாதே. உச்சிக்கு ஏத்தி, ஒரு நொடி விட்டு, அப்புறம் இறக்கணும். அதுதான் விதி" என்றார் அதிகாரி. அப்படியே செய்தார். அந்த ஒரு நொடியில்தான் தெருவில் நின்ற பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். மறுநாள் தாளில் கொடி கம்பத்தின் உச்சியில் பறந்தது. கீழே இவர் சல்யூட் அடித்தபடி அண்ணாந்து நின்றார். வெயிலுக்குச் சுருங்கிய முகம் சிரித்ததுபோல் விழுந்திருந்தது. 'நாடே அழுகிறது, இங்கே கொண்டாட்டம்' என்று தலைப்பு.

விசாரணையில் அதிகாரி ஒரே வரி எழுதினார்: 'அப்படி எந்த விதியையும் நான் சொல்லவில்லை.' ஆணை கிழிந்தது. அடித்துத் துரத்தாததே தயவு என்றார்கள். அன்றிலிருந்து தினக்கூலிதான்.

வீட்டுக்காரி மட்டும் இன்றைக்கும் கேட்பாள்: "நீங்க எதுக்கு அண்ணாந்து பாத்தீங்க? தலையக் குனிஞ்சிருந்தா அழுத மாதிரியாவது இருந்திருக்கும்ல."

அதன்பின் கொடிக்கயிற்றை அவர் தொட யாரும் விட்டதில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் அரைக்கம்பத்தில் கொடி ஏற்றும் காவலாளி இந்த ஆண்டு விடுப்பு. வேறு ஆள் இல்லை. அஞ்சலிக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் யாரென்றால், ஓய்வுபெற்ற அதே அதிகாரி.

கொடிக்காரர் கயிற்றை இழுத்து, கொடியை நேரே பாதியில் நிறுத்தி முடிச்சுப் போட்டார்.

விருந்தினர் முகம் சுளித்தார். "என்னய்யா இது? உச்சிக்கு ஏத்தி, ஒரு நொடி விட்டு, அப்புறமில்ல இறக்கணும்? இந்த விதிகூடத் தெரியாம எத்தனை வருஷமா இங்க குப்பை கொட்டறே?"

"இருபத்திரண்டு வருஷத்துக்கு மேலங்கய்யா." கொடிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். "இப்பச் சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எனக்கு அறுபது முடிய இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஆணைக்கு மனு போட்டுப் பாக்கறேன்."

விருந்தினருக்கு அப்போதுதான் ஆள் பிடிபட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சலிக்கு நேரமாச்சு. இதெல்லாம் பேசற இடமா இது?"

அன்று விதியைக் காதால் கேட்ட கணக்கர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடிக்காரர் தாளை மடித்து வைத்தார். முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை இழுத்தார். கொடி உச்சிக்குப் போனது. ஒரு நொடி, இரண்டு நொடி, பத்து நொடி ஆயிற்று. குனிந்த தலைகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன. தெருவில் யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"இறக்குய்யா" என்றார் விருந்தினர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எழுதிக் குடுங்கய்யா, இறக்கறேன்."

கயிற்றை இறுகப் பிடித்தபடி கொடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.