கோல் போஸ்ட்டிலிருந்து தமிழில் கத்தினேன்

நான் நல்ல கோல்கீப்பர். இதைத் தன்னடக்கத்தோடு சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. மைசூரில் எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்குக் கடைசி வருடம் நான்தான் கேப்டனும்கூட. சீசன் தொடங்கும் முன்பே பிரின்சிபால் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கன்னடத்தில் பட்டென்று சொல்லிவிட்டார். இந்த வருடம் கோப்பை வந்தால் அணி இருக்கும், வராவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து பெண்களுக்குக் கால்பந்து கிடையாது, மைதானம் முழுக்க கிரிக்கெட்டுக்கு. "கோப்பை வரும் சார்" என்றேன்.

அணியில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர். நானும், எனக்கு முன்னால் நடுவில் நிற்கும் இரண்டு டிஃபெண்டர்களும். மூவரும் ஒரே சர்ச்சில் பாட்டு வகுப்பில் சேட்டை செய்து வளர்ந்தவர்கள். மைசூர்த் தமிழர்களான எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பஸ்ஸிலோ கடையிலோ பக்கத்தில் நிற்பவரைப் பற்றி வம்பு பேச வேண்டுமென்றால் சட்டென்று தமிழுக்கு மாறிவிடுவோம். யாருக்கும் புரியாது என்று அப்படி ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை மைதானத்துக்கும் கொண்டுபோனோம். "ஏறுங்கடி" என்று நான் கத்தினால் டிஃபென்ஸ் மொத்தமும் ஒரே நேரத்தில் முன்னால் ஓடும், பின்னால் தங்கிவிட்ட எதிரணிப் பெண் ஆஃப்சைடில் மாட்டுவாள். "நில்லுங்கடி" என்றால் யாரும் நகரக் கூடாது. ஓரங்களில் ஆடிய இரண்டு கன்னடப் பெண்களுக்கும் இந்த இரண்டு சொல்லையும் பழக்கிவிட்டோம்.

சீசன் முழுக்க இது பிரமாதமாக வேலை செய்தது. எதிரே வந்தவர்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை. "அவளுங்களுக்கு ஒண்ணும் கொத்தாகல டி" என்று என் டிஃபெண்டர் ஒருத்தி கன்னடத்தைக் கலந்து சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தத் திமிரோடுதான் ஃபைனலுக்கு வந்தோம்.

ஃபைனலில் எதிரே சாமராஜநகர் பக்கத்துக் கல்லூரி ஒன்று. பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் எங்களோடு கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசினார்கள். நாங்களும் கன்னடத்தில் பேசினோம். அத்தோடு சரி. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அவர்களுடைய ஃபார்வர்டு, ஒல்லியான ஒரு பெண், நான் "ஏறுங்கடி" என்றதும் எங்கள் டிஃபென்ஸோடு சேர்ந்து அவளும் மேலே ஓடிவந்தாள். ஒரு அடிகூடப் பின்தங்கவில்லை. பந்தை உதைத்த பிறகுதான் சட்டென்று திரும்பி எங்கள் கோலை நோக்கிக் கிளம்பினாள். ஆஃப்சைடும் இல்லை, தடுக்க ஆளும் இல்லை. கோல்.

வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஏனுங்க்கா, ஏறுங்கடி ஏறுங்கடின்னு இத்தன சத்தமாச் சொன்னா, எங்களுக்குக் காது கேக்காதுங்களா? எனக்கு ஹனூருங்க."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூரில் வீட்டுக்கு வீடு தமிழ் கேட்கும் என்பது எனக்குத் தெரியாததா என்ன? தெரியும். ஆனால் ஹனூர்க்காரி ஃபுட்பால் ஆட வருவாள் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை உதைத்தேன். டிஃபெண்டர்கள் இருவரும் "இனிமே வாயே திறக்க வேணாம் டி, சும்மனே ஆடலாம்" என்றார்கள். வாயை மூடிக்கொண்டு ஆடுவதா? அது என்னால் ஆகாது. "கத்துவேன். இன்னும் சத்தமாக் கத்துவேன். ஆனா ஏறுன்னா நில்லுங்க, நில்லுன்னா ஏறுங்க" என்றேன். கன்னடப் பெண்களில் ஒருத்தி, பாவம், விரலை மடக்கி மடக்கி மனப்பாடம் செய்தாள்.

இரண்டாம் பாதியில் நான் "நில்லுங்கடி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஹனூர்ப் பெண் நம்பிக் கிளம்பிவிட்டாள். எங்கள் டிஃபென்ஸ் விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டது. லைன்ஸ்மேனின் கொடி உயர்ந்தது, ஆஃப்சைடு. அவர்கள் ரெஃபரியோடு வாதாடிக்கொண்டிருக்கும்போதே நான் ஓடிவந்து பந்தை வைத்து நீளமாக உதைத்தேன். நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் ரயிலில் வரும் எங்கள் ஃபார்வர்டு அதைத் துரத்திப் பிடித்துக் கோலாக்கினாள். சமம். அவர்களுடைய கேப்டன் என்னை முறைத்தாள். ஹனூர்ப் பெண் மட்டும் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

கடைசியில் பெனால்டிக்குப் போனது. கடைசி உதை அவளுடையது. போட்டால் ஆட்டம் தொடரும், விட்டால் கோப்பை எங்களுக்கு. பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சொல்லிப்போட்டே அடிக்கறனுங்க்கா. உங்க வலது பக்கம்."

எங்கள் வித்தையை எங்களிடமே காட்டுகிறாள், இடது பக்கம்தான் வரும் என்று நினைத்தேன். இருந்தாலும் கீப்பர் வாயைப் பார்த்து விழக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும். அவள் ஊன்றிய கால் என் வலது பக்கம் திரும்பியிருந்தது. பாய்ந்தேன். பந்து இரண்டு கைக்குள்ளும் வந்து சேர்ந்தது.

என் அணிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு மேலே வந்து விழுந்தார்கள். அணி பிழைத்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எல்லோரையும் தள்ளிவிட்டு எழுந்து, அங்கேயே உட்கார்ந்திருந்த ஹனூர்ப் பெண்ணிடம் போனேன்.

"நிஜத்தைத்தானே சொன்ன?"

"நீங்க நம்ப மாட்டீங்கன்னு நெனச்சனுங்க்கா."

கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டேன். "நான் இந்த வருஷத்தோட போயிடுவேன். அடுத்த வருஷம் எங்க புது கீப்பரைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்றேன், பெரிய மனசோடு.

"அடுத்த வருசம் எங்களுக்கு டீம் இல்லீங்க்கா" என்றாள். "கப்பு வந்தாத்தான் டீமுன்னு எங்க பிரின்சிபால் சொல்லிப்போட்டாருங்க."

அவள் கையை விடாமல் நின்றேன். பின்னால் கோப்பையைத் தூக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"போங்க்கா, கூப்படறாங்க" என்று அவளே கையை உருவிக்கொண்டாள்.

போனேன். கோப்பையைத் தூக்கினேன்.