தடவாத கை

ஆம்பூர்த் தோல் கம்பெனியில் ஜெயசீலனுக்கு வேலை, தோலைத் தடவிப் பார்ப்பது. பதப்படுத்திய தோல் மேசைக்கு வந்ததும் கட்டைவிரலால் அழுத்தி ஓர் இழுப்பு இழுப்பான். கீறல், உண்ணிக்கடி, தழும்பு எல்லாம் விரலுக்கே தெரிந்துவிடும். விசேஷ வீட்டுக்குப் போனாலும் சோபாவைத் தடவாமல் உட்கார மாட்டான். மனைவி மேகலா தலையில் அடித்துக்கொள்வாள்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவர்களுக்கு ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் பிறந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தோல். உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரிந்தது. குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக்கூட நர்ஸ் எழிலரசி நனைத்து நனைத்துத்தான் எடுத்தாள்.

"கைய நல்லா கழுவிட்டுத் தொடலாம் சார்" என்று அவள் சொன்ன அன்றைக்கு அந்தப் பாழாய்ப்போன கட்டைவிரல் சும்மா இருந்ததா? பிள்ளையின் முதுகை அழுத்தி ஓர் இழுப்பு இழுத்துவிட்டது. குழந்தை துடித்துச் சுருண்டது. மெஷின் அலறியது. முதுகில் சிவப்பாய் ஒரு கோடு விழுந்தது.

"இன்னா சார் பண்றீங்க? இந்தத் தோலு உரிஞ்சா கிருமி நேரா உள்ள போய்டும். தடவவே கூடாது. கைய வெச்சா வெச்ச மாதிரி இருக்கணும். அதப் பழகிக்கிற வரைக்கும் நீங்க தொடாதீங்க."

அன்றிலிருந்து மேகலா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெற்ற பிள்ளையைத் தொட வக்கில்லாமல் போனோமே என்று ஜெயசீலன் தன் கட்டைவிரலையே திட்டிக்கொண்டான்.

மறுநாளே பழக ஆரம்பித்தான். பஸ்ஸில் தொடைமேல் கையை வைத்து, வேலூர் வரை அசைக்காமல் போனான். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தோலின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னாப்பா, தோலுக்கு ஜுரமா?" என்றார் பக்கத்து மேசை நிசார் அஹமது.

"இல்ல பாய். சும்மா இருக்கக் கத்துக்கிறேன்."

"இதுக்கு இவ்ளோ பேஜாரா? நம்ம சூப்பர்வைசரக் கேளு, நல்லா சொல்லிக் குடுப்பாரு."

சிவப்புக் கோடு மறைந்தபின் எழிலரசி மறுபடி கூப்பிட்டாள். முதலில் சுருட்டிய துண்டின்மேல் கை வைத்துக் காட்டச் சொன்னாள். துண்டிடம் பாஸாகிவிட்டான். பிறகு பெட்டிக்குள் கை விட்டு, ஒன்றைத் தலைமேலும் ஒன்றைப் பாதத்திலும் வைத்தான். குழந்தை நெளிந்தது. அவன் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, அவன் கைக்குள்ளேயே தூங்கிப்போனது.

அவ்வளவுதான், ஜெயசீலனுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. மூக்கும் சேர்ந்து ஒழுகியது. துடைக்கக் கையில்லை.

இத்தனை நாள் பேசாதிருந்த மேகலா முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"எவ்ளோ வேணா அழுதுக்கங்க. கைய மட்டும் ஆட்டிடாதீங்க."