பத்து நிமிடத்துக்குப் பிறகு மந்தமாகும் கணினி

சித்தியின் கணினி மெதுவாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டதும், எதையும் பார்க்காமலே தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னவள் நான்தான். "பழைய ஹார்ட் டிஸ்க் சித்தி, வேற ஒண்ணும் இல்லை." பொறியியல் படித்தவள் சொன்னதால் சித்தப்பா அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். டிஸ்க் போய்விட்டதென்றால் மற்றது மட்டும் எத்தனை நாள் தாங்கும் என்று புதிய கணினிக்கே கடையில் சொல்லிவைத்துவிட்டார். திங்கட்கிழமை பழையதைக் கடைக்காரர்கள் எடுத்துப்போவதாக ஏற்பாடு.

சித்தி தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறாள். கன்னட எழுத்துக்கு அவள் பயன்படுத்தும் பழைய மென்பொருள் அந்த ஒரு கணினியில்தான் இருக்கிறது. அதன் சிடி தொலைந்து பல வருடம் ஆகிறது. கணினி போனால் இதுவரை செய்த பத்திரிகை ஒன்றுகூடத் திறக்காது. சித்தப்பா ஆசையாக வாங்கித் தருவதைத் தடுக்க மனமில்லாமல் என்னிடம் மட்டும் சொன்னாள். சனிக்கிழமை காலையிலேயே ஸ்க்ரூடிரைவரும் நோட்டுமாகப் போய் நின்றேன்.

நோட்டில் முந்தின நாளே வரிசை போட்டிருந்தேன்: நினைவகம், டிஸ்க், தானாகத் தொடங்கும் நிரல்கள், வைரஸ், வெப்பம்.

"என்னடி, பரீட்சைக்கு வந்தியா?" என்றாள் சித்தி.

கணினி சட்டென்று கிளம்பியது. "பாரு, நீ வந்தா மட்டும் சமத்தா ஓடறது. என் மானத்தை வாங்கறதுக்குன்னே."

நினைவகத்தில் பாதி காலியாக இருந்தது. டிஸ்க் வேலைப்பளு இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. என் தொலைபேசித் தீர்ப்பை நானே கோடு போட்டு அடித்தேன். தேவையில்லாத நிரல்கள் இரண்டைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது, வைரஸ் இல்லை. அதற்குள் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மவுஸ் அம்புக்குறி திரையில் ஊர்ந்து போக ஆரம்பித்தது. பிராசஸரின் வேகம் மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. வெப்பம் கொதிநீரை நெருங்கிக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

"சித்தி, முதல்ல நன்னா ஓடி, அப்புறம்தான் மெதுவாகறதா?"

"தினமும் அப்படித்தான்."

"இதை ஏன் போன்ல சொல்லலை?"

"நீ எங்கடி கேட்டே? வியாதி என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடியே மருந்து எழுதிக் கொடுத்துட்டே!"

மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். அந்த நேரம் காபி பிளாஸ்க்குடன் மாடியேறி வந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டரா, பூக்கடையா?"

பிராசஸருக்கு மேலிருந்த விசிறியில் காய்ந்த சாமந்தி இதழ்கள். அடியில் போன வருடத்தவை, அதற்கும் அடியில் அதற்கு முந்தினவை, நடுநடுவே நாரும் குங்குமமும். காற்று போக ஓட்டைகள் இருப்பது பெட்டியின் மேல்தகட்டில். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சித்தி பூச்சரம் வைத்ததும் அங்கேயேதான். சாமிக்கு வைத்ததை எடுக்க மனம் வராமல், தானாக உதிரும் வரை விட்டிருக்கிறாள்.

"இந்த ஊர்ல பஸ்ஸுக்கே வாழைமரம் கட்டறா. எனக்குச் சோறு போடற மிஷினுக்கு ஒரு முழம் பூ வெக்கக் கூடாதா?" என்றாள்.

விசிறி சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷால் துடைத்தெடுத்தேன். ஒரு முறம் குப்பை வந்தது. தகட்டை மூடி, கணினியை மறுபடி போட்டோம். சித்தி தன்னிடமுள்ளதிலேயே கனமான பத்திரிகையைத் திறந்தாள். ஓரமெல்லாம் மயில், நடுவில் நெருக்கமான கன்னட வரிகள். பத்து நிமிடம், இருபது, நாற்பது. அம்புக்குறி தயங்கவே இல்லை.

அதன் பிறகுதான் சித்தி மென்பொருள் விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொன்னாள். "அட ராமா! திங்கட்கிழமை தூக்கிக் கொடுத்திருப்பேனே!" என்று அவர் அங்கேயே கடைக்குப் போன் போட்டார். "ஈக பேடா சார், சரி ஹோய்த்து," இப்போது வேண்டாம், சரியாகிவிட்டது என்று இரண்டு முறை உரக்கச் சொன்னார்.

நான் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, முதலில் எல்லாப் பத்திரிகைகளையும் நகலெடுக்க வேண்டும், பிறகு நிதானமாகப் பழைய டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடலாம் என்று எழுத ஆரம்பித்தேன்.

"எழுதினதெல்லாம் போறும், நாற்காலியை விடு," என்றாள் சித்தி. "பதினொரு மணிக்குப் பொண்ணாத்துக்காரா வந்துடுவா. மாப்பிள்ளை பேரே இன்னும் போடலை."