என் கட்டிலுக்கு அடியில் ஒரு கேன்

தொண்ணூறுகளின் நடுவில் ஷார்ஜா முவைலாவில் ஒரு கேம்ப் ரூமில் ஆறு பேர் இருந்தோம். எனக்கு மட்டும் நைட் டூட்டி. மூத்தவரான மேஸ்திரி திராட்சை ஜூஸையும் சர்க்கரையையும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டையும் தண்ணீர் கேனில் கலந்து, ஒயின் ஆகட்டும் என்று என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசாதவன் கட்டில்தானே.

கேன் மூடியில் ஓட்டை போட்டு ஒரு டியூப். அதன் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். உள்ளே பொங்கும் காற்று தண்ணீர் வழியாகக் குமிழிட்டு வெளியேறும். பகலில் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். ரூம் சூடேறியதும் என் காதுக்குக் கீழே பொளக் பொளக் என்று ஓயாமல் அடிக்கும். தூக்கமே போயிற்று. மாலையில் மற்றவர்கள் வந்து ஏசியைப் போட்டால் சத்தம் அடங்கும். கேன் குளிரக் குளிர, பாட்டில் தண்ணீர் டியூபில் பின்னோக்கி ஏறும். அவர்கள் கண்டது அதை மட்டும்தான்.

“நாலே நாள்ல பொங்குறது எப்பிடிடா நின்னுச்சு? பகல்ல தொறந்து குடிச்சியா?” என்றார் மேஸ்திரி.

“இல்லண்ணே. குளுர்ல அடங்கிக் கெடக்கு. பகல்ல நல்லா அடிக்குது.”

“பாருங்கய்யா, சயின்டிஸ்டு வாயத் தொறந்துட்டாரு!” என்றான் பக்கத்துக் கட்டில்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

“கலாஸ், முடிஞ்சுது. சரக்கு வெளஞ்சிருச்சு.” மேஸ்திரி டியூபைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையில்லாத மூடியைப் போட்டு இறுக்கி டேப் சுற்றினார். “இனி எப்பிடித் திருடுறேன்னு பாக்குறேன்.”

மறுநாள் மதியம் பலகை முதுகில் முட்டியது. குனிந்து பார்த்தேன். கேன் வயிறு போல வீங்கிக் கட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் ஊருக்குப் போக எனக்கு லீவு. மகள் பிறந்து இரண்டு வருடம். நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. வெடித்து வாடை வெளியே போனால் மாட்டுவது ரூமில் இருக்கும் நான்தான். ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை. ஜெயில், பிறகு விசா கேன்சல். பாத்ரூமுக்கு இழுத்துப்போய் மூடியைத் தளர்த்தினேன். நுரை சுவர்வரை பீய்ச்சியது. மிச்சத்தையும் கொட்டினேன். கொட்டக் கொட்டக் கோபம் ஏறியது.

“இருபது லிட்டர்டா, பாவி!” என்று மாலையில் வந்த மேஸ்திரி கையை ஓங்கினார்.

“எம் பொண்ண நான் பாக்கணும். இனிமே வெச்சா ஒங்க கட்டிலுக்கு அடியில வையுங்க,” என்றேன். ஓங்கிய கை இறங்கியது.

அப்படி வைத்தாரா? இல்லை. நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, பக்கத்து ரூமுக்குப் புதிதாக வந்திருந்த ஆந்திராக்காரரின் கட்டிலுக்கு அடியில் மேஸ்திரியின் அடுத்த கேன் இருந்தது. அவரும் நைட் டூட்டிதான். அது வெடிக்கும் என்று அரைகுறை இந்தியில் விளக்கினேன். அவருக்கு இந்தியும் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மற்றவர்கள் சைட்டில் இருந்தார்கள். கேனை நானே இழுத்து வந்து மேஸ்திரி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏர்போர்ட் வண்டியில் ஏறினேன்.