நாங்கள் மூடித் திறந்த தெரு

ஆரணியில் சாப்பாடு டெலிவரி வேலையில் சேர்ந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு மேலதிகாரி ஒரு செயலி. மனிதராக இருந்தால் கெஞ்சலாம், சண்டை போடலாம். இதனிடம் எதைச் சொன்னாலும் ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று வரும். அதோடு சரி.

எங்களுக்குள் தகராறு ஒரு தெருவால் வந்தது. காலையில் நெசவாளர்கள் அந்தத் தெரு நெடுகத் தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள். முனைக்கு முனை நூல், சைக்கிள்கூட நுழையாது. செயலிக்கோ அதுதான் குறுக்குவழி. சுற்றிப் போனால் வழி மாறினாய், தாமதம் செய்தாய் என்று குற்றம் சாட்டும். எச்சரிக்கை வந்தாகிவிட்டது. இன்னொன்று வந்தால் ஐடி முடங்கும், வேலை போகும்.

அன்றும் பொங்கல் பொட்டலத்தோடு நூலுக்கு முன்னால் நின்றேன். பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்த நெசவாளர், “வண்டிய அங்கயே நிறுத்தும்மா, நூலு அறுந்துடும்” என்றார்.

“உங்களுக்கு நூலு, எனக்கு வேலையே அறுந்துடும்ணா” என்றேன்.

பின்னால் வந்து நின்ற சக ஊழியர் ஒரு வழி சொன்னார். “மேப்புல ரோடு மூடியிருக்குன்னு அழுத்தலாம்க்கா. ஒருத்தர் சொன்னா கேக்காது. கும்பலா சொல்லணும்.”

ஊரில் இருந்த டெலிவரிக்காரர்களை எல்லாம் வரவழைத்தோம். வரிசையாக நின்று அழுத்தினோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரு சிவப்பாகி, என் வழி கோயிலைச் சுற்றி வளைந்தது. நேரத்தையும் கூட்டிக் கொடுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவையே வளைத்துவிட்ட மிதப்பில் பாடிக்கொண்டே போனேன்.

மதியம் அதே நெசவாளர் கடைத்தெருவில் என் வண்டியை மறித்தார்.

“இன்னாம்மா பண்ணி வெச்சீங்க? பாவ சுருட்டி எப்பவோ எடுத்தாச்சு. பிரியாணி கேட்டா எங்க தெருவுக்கு வராதுன்னு காட்டுது. வீட்டுல விருந்தாளிங்க குந்திகினு இருக்காங்க.”

மூடிய சந்தோஷத்தில் திறக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“அழுத்துறதுதானே? எங்ககிட்டயும் போன் இருக்குது” என்றார்.

தெருவே சேர்ந்து அழுத்தியது. பிரியாணியை நான்தான் கொண்டுபோனேன். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.

அன்றிலிருந்து பாவு நீட்டினால் அவர்கள் மூடுவார்கள், சுருட்டினால் திறப்பார்கள். எச்சரிக்கைகள் நின்றன. மற்றதையெல்லாம் இன்றும் செயலிதான் முடிவு செய்கிறது; எங்களை யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்த ஒரு தெரு எங்களுடையது.

போன வாரம் ஒரு காலையில் அங்கே போய் நின்றபோது செய்தி வந்தது: ‘உங்கள் வசதிக்காக எங்கள் செயற்கை நுண்ணறிவு இப்பகுதி வழிகளை மேம்படுத்தியுள்ளது.’ வண்டியில் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தேன். பாவு நீட்டியிருந்த அந்தத் தெருவைச் செயலி இன்னும் திறந்தே காட்டியது.

“இன்னாம்மா தனியா சிரிச்சிகினு இருக்க?” என்றார் நெசவாளர். படித்துக் காட்டினேன்.

அவர் முழங்கை வரை கஞ்சியாக இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“இரும்மா. நுண்ணறிவு கை கழுவிகினு வந்து அழுத்தும்.”