பனிக்குப் பத்து மார்க்

அன்று தேயிலை எஸ்டேட் கொட்டகையில் மேடைமேல் ஆறு பெண்கள், எதிரே மூன்று நடுவர்கள், பின்னால் பெற்றோர் பத்துப் பேர் இருந்தோம். நடை, முகம், பதில் மூன்றுக்கும் பத்துப் பத்து மார்க். முதலில் வருபவளுக்கு அழகு ராணிப் பட்டம், மேலே படிக்க நூறு ரூபாய். நான் ஐந்தாவதோடு நின்றவன். என் மகளும் எட்டாவதோடு நின்றுவிடக் கூடாதென்றுதான் அவளை மேடை ஏற்றினேன்.

நடுவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, மலையாளி. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. யாரோடு பேசினாலும் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டேதான் பேசுவார். மேசைக்கு வந்த மகளின் கையையும் பிடித்துக்கொண்டு, "மோளே, பனி வந்நால் எந்து செய்யும்?" என்று கேட்டார்.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்; காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய் என்பதுதான் கேள்வி. மகள் பதற்றத்தில் மலைமேல் இறங்கும் பனி என்று நினைத்துவிட்டாள்.

"கம்பளியப் போத்திக்கிட்டு கொழுந்தெடுக்கப் போவோம், சிஸ்டர்."

கொட்டகையே சிரித்தது. நர்ஸம்மா சிரிக்காமல் பத்து போட்டார்.

"தப்பான பதிலுக்குப் பத்தா, சிஸ்டரே?" என்றார் பக்கத்து நடுவரான கிளார்க்கு.

"தப்பில்ல சாரே. காய்ச்சல் வந்தாலும் இவங்க அதுதானே செய்யுது."

அந்தப் பத்தால்தான் மகள் முதலில் வந்தாள். நர்ஸம்மா எங்களைப் புகழ்ந்தாரா, எங்களுக்காக வருந்தினாரா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மகள் ஒன்பதாவதில் சேர்ந்துவிட்டாள். மேடையில் கொடுத்தது போக மீதி ஐம்பது ரூபாய் இன்னும் வரவில்லை.